ஒற்றுமை விருந்தன்று அடுப்பு எரியவில்லை

பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு உலரும். எனக்கு இரண்டும் நடக்காது. நான் பேச ஆரம்பித்துவிடுவேன். எதிரில் நிற்பவர் என்ன கேட்டார் என்பதெல்லாம் அப்போது காதில் விழாது. மைக் மட்டும்தான் இல்லை என்கிற மாதிரி பொழிந்து தள்ளுவேன். பல இனத்தவர் கலந்து வாழும் இடங்களில் அக்கம்பக்கத்தாரை ஒன்றுசேர்க்கும் வேலையில், இந்த ஒரே திறமையை வைத்துக்கொண்டு ஓய்வு வயதுவரை ஓட்டிவிட்டேன். ஐம்பத்தைந்து ஆனதும் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலை போட்டவர்கள் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

புதிதாக வந்திருக்கும் நீங்கள், "அண்ணே, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டம் நடத்துவது, தீர்மானம் எழுதுவது, வாழ்த்துரைக்கு யாரை முதலில் அழைப்பது என்பதையெல்லாம் பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் தொடவில்லை. நான் பேச்சு மூச்சில்லாமல் நின்ற ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். என் மனைவி இதை இன்றுவரை நம்பவில்லை. சம்பவத்தை அல்ல, நான் பேசாமல் நின்றதை.

எண்பதுகளின் தொடக்கம். கிள்ளானில் ஆற்றுக்குத் தெற்கே நான்கு மாடி அடுக்ககம் ஒன்று. புளோக் என்றுதான் சொல்வோம். துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தவர்கள் குடியிருந்தார்கள். லிப்ட் கிடையாது. எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு. ஒவ்வொரு மாடியிலும் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று கதவுக்குக் கதவு மாறும். அங்கே சண்டை இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. படியில் எதிரே வந்தால் சற்று ஒதுங்கி வழிவிடுவார்கள், அவ்வளவுதான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் தலைமையகம் இதைச் சரிசெய்து வரும்படி என்னை அனுப்பியது. நான் கண்டுபிடித்த மருந்து, ஒற்றுமை விருந்து.

அந்த விருந்தை நான் திட்டமிட்ட அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் மூன்று இனத்தவரும் உட்கார்ந்தே ஆக வேண்டும். புருஷன் பெண்டாட்டியைக்கூடப் பிரித்துப் போட்டிருந்தேன். சீனர்களுக்கு மங்கலம் என்று மேசை விரிப்புக்கெல்லாம் சிவப்புத் துணி. வாசலில் சிவப்புத் துணியில் 'ஒற்றுமை' என்று மூன்று மொழியில் பதாகை. தமிழ்ப் பெண்கள் அவரவர் வீட்டில் சைவம் சமைத்துக் கீழே கொண்டுவர வேண்டும், மலாய்ப் பெண்கள் கோழி, சீனர்கள் பழமும் பலகாரமும். யார் பானை, யார் அடுப்பு என்ற பேச்சே எழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. செயற்குழுக் கூட்டங்களில் 'பன்றி', 'மாடு' என்ற இரண்டு சொற்களும் யார் வாயிலும் வராமல் மாதக்கணக்கில் காவல் காத்தேன். யாராவது அந்தப் பக்கம் திரும்பினால் உடனே தேநீர் வரவழைத்துவிடுவேன். தொகுதியின் ஒய்.பி., அதாவது சட்டமன்ற உறுப்பினர், தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருந்தார். கீழே கார் நிறுத்தும் இடத்தில் முதல் நாளே கூடாரம் போட்டாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து நான் போய் இறங்கும்போது படிக்கட்டின் அடியில் ஆ லான் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது மாடியில் அப்பாவோடு குடியிருந்த தையல்காரி, நாற்பது வயது இருக்கும். எங்களுக்குள் பேச்சு பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில்தான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"அண்ணே, அப்பா போயிட்டாரு."

அவளுடைய அப்பாவை நாங்கள் அப்பேக் என்போம். வயதான சீனரை அப்படித்தான் கூப்பிடுவது. அன்பான கிழவர் என்று ஒரு வரி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் புளோக்கில் அவரிடம் திட்டு வாங்காதவர் கிடையாது. படியில் செருப்பை விட்டால் திட்டு, பிள்ளைகள் ஓடினால் திட்டு. என்னையும் ஒருமுறை ஹொக்கியனில் முழு நீளத்துக்குத் திட்டினார். மொழி புரியாதது என் அதிர்ஷ்டம்.

நான் ஆறுதல் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "கீழே உங்க கூடாரம் இருக்கு. விருந்து நடக்கட்டும். அப்பாவை டவுன்ல இருக்கிற ஈமக்கூடத்துக்குக் கொண்டுபோயிடறேன். அங்க இடம் நெருக்கடி, நாளைக்குக் காலையிலயே எடுத்துடணுமாம். தம்பி கடல் தாண்டி சரவாக்ல காட்டுக்குள்ள மரம் வெட்டுற முகாம்ல இருக்கான். தந்தி அடிச்சாச்சு. அவன் வந்து சேர மூணு நாள் ஆகும்."

"அப்போ அவன்..."

"பார்க்க முடியாது. தாப்பா லா."

பரவாயில்லை என்றாள். எங்கள் ஊரில் இந்த 'தாப்பா'வை எதற்கு வேண்டுமானாலும் சொல்வார்கள். பேருந்து போய்விட்டாலும் தாப்பா, வாழ்க்கை போய்விட்டாலும் தாப்பா. எனக்கு அப்போது மனதுக்குள் எழுந்தது துக்கமில்லை. கூடாரத்தைப் பிரிக்க வேண்டாம் என்ற நிம்மதி. அதை மறைக்க ஒரு நீண்ட இரங்கலுரை ஆற்றினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணே" என்று மேலே போனாள்.

மூலைக் கடைத் தொலைபேசியிலிருந்து எங்கள் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், பங்சாரில் வீடு. எதற்கும் குரல் உயராது, எல்லோரையும் 'ஐசே' என்றுதான் அழைப்பார்.

"ஐயா, ஒரு சிக்கல் வந்துச்சு, ஆனா தீர்ந்திடுச்சு" என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"முதலிலை மூச்சை விடும் ஐசே." நான் விட்டேன். "தகப்பனை எங்கை வைக்க அந்தப் பிள்ளைக்கு விருப்பம்? கேட்டனீரோ?"

"அவங்களே கொண்டுபோறேன்னு சொல்லிட்டாங்க ஐயா."

"நான் கேட்டது அது இல்லை."

போனை வைத்துவிட்டார். அவருடைய வழக்கம் அப்படி. கேள்வியை நம் மடியில் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

கேட்டுவிடலாம் என்று படியேறினேன். இரண்டாவது மாடி வந்ததும் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. தமிழ் வீடுகளில் காலையிலிருந்தே சாம்பாரும் பொரியலும் மணக்க வேண்டிய நேரம். ஒரு தாளிப்புச் சத்தம்கூட இல்லை. சமையல் பொறுப்பை ஏற்றிருந்த பாக்கியம் அக்காவின் வீட்டை எட்டிப் பார்த்தேன். வெட்டின காய்கறி கூடையில் அப்படியே இருந்தது. பெரிய அடுப்பு அணைந்து கிடந்தது. அக்கா கதவோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, இன்னும் உலை வைக்கலையா?"

"இன்னைக்கு அடுப்பு எரியாது தம்பி. ஒரு தமிழாளு வீட்டுலயும் எரியாது. சொல்லிட்டேன்."

எனக்குப் பொறி தட்டியது. அதாவது, தட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் சீனர் பிணம், அந்தத் தீட்டுக்குப் பயந்து விருந்தைக் கவிழ்க்கிறார்கள். வந்ததே எனக்கு ஆவேசம்! அந்தத் தாழ்வாரத்தில் நின்று இன ஒற்றுமை பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். நாம் எல்லோரும் ஒரு குடும்பம் என்றேன், வேற்றுமையை மறப்போம் என்றேன். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. கூட்டத்தைக் கண்டதும் குரலை இன்னும் ஏற்றினேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக் கடைசிவரை கேட்டார்.

"முடிச்சிட்டீங்களா? தண்ணி வேணுமா?"

"அக்கா, நான் சொன்னது..."

"நல்லாத்தான் சொன்னீங்க. பொணம் கெடக்குற தெருவுல எவளாச்சும் உலை வைப்பாளா? எடுக்குற வரைக்கும் அடுப்பு எரியக்கூடாதுல்ல? ரப்பர் தோட்டத்துல ஒரு லயத்து வீட்டுல சாவு விழுந்தா அந்த வரிசை வீடு மொத்தமும் பட்டினிதான். உங்க வீட்டுல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலையா?"

அப்போதுதான் என் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்தது. "அது நம்ம ஆளுங்களுக்குத்தானே அக்கா? இவரு சீனரு தானே?"

ஒற்றுமைச் சங்கத்தின் கள ஒருங்கிணைப்பாளர், கூடியிருந்த பொதுமக்கள் முன்னிலையில், பிரசங்கத்தின் ஈரம் காய்வதற்குள் சொன்ன வாக்கியம் இது. எதிர்வீட்டுப் பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. "அவரு எந்தப் படியில எறங்கப் போறாரு தம்பி? நாம ஏறி எறங்குற படியிலதானே? அப்புறம் என்ன, தெருன்னா தார் போட்டிருக்கணுமா?"

நான் சொன்ன அந்தப் பேச்சு மூச்சில்லாத நிலை அங்கேதான் தொடங்கியது. அவர்களுக்கு அப்பேக்கைப் பிடிக்காது. அவர் வீட்டு வாசலை ஒருவரும் மிதித்ததில்லை. ஆனாலும் அவர் இறந்த செய்தி வந்த நொடியில், யாரையும் கேட்காமல், எந்தக் கூட்டமும் போடாமல், தங்கள் தெருவில் விழுந்த சாவு என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மாதக்கணக்கில் மேசை போட்டு உண்டாக்கப் பார்த்த ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. அது பட்டினியாக உட்கார்ந்திருந்தது, நான் அதற்கு விருந்து வைக்கக் கிளம்பி வந்திருந்தேன்.

மூன்றாவது மாடிக்கு ஓடினேன். "ஆ லான், அப்பாவை எங்க வைக்க உனக்கு விருப்பம்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கீழேதான், எங்க வழக்கப்படி. தம்பி வர்ற வரைக்கும்."

"அப்ப கீழேயே வை. விருந்து இல்லை."

மறுபடி தலைவருக்கு அழைத்தேன். "ஒய்.பி.யை நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று மட்டும் சொன்னார். ஒய்.பி. தரப்பிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. என் வரவேற்புரை யாருக்கும் பயன்படாமல் சட்டைப் பையிலேயே துவைபட்டது.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். முதலில் சிவப்பு. சீனர் துக்க வீட்டில் சிவப்பு ஆகாது. நான் ஒரு கல்யாணத்துக்குப் போதுமான சிவப்பை அங்கே விரித்து வைத்திருந்தேன். நாற்காலியில் ஏறிப் பதாகையைப் பிடித்து இழுத்ததில் பதாகை அங்கேயே இருந்தது, நான் கீழே வந்தேன். மலாய் இளைஞர்கள் என்னைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, நிதானமாக எல்லாவற்றையும் கழற்றி மேசைகளில் பழைய நாளிதழ்களை விரித்தார்கள். சவப்பெட்டி வந்தது. ஊதுவத்தி புகைந்தது. ஆ லான் ஒரு மேசையில் உட்கார்ந்து பொன்னிறக் காகிதத்தை மடிக்கத் தொடங்கினாள், அப்பாவோடு எரிப்பதற்கு. பாக்கியம் அக்காவும் இன்னும் சில பெண்களும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்துப் பார்த்துத் தாங்களும் மடித்தார்கள்.

மதியம் தாண்டியதும் அக்கா பேச்சுவாக்கில் கேட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?"

"நாளைக்கு இல்லக்கா" என்றாள் ஆ லான். "மூணு ராத்திரி. தம்பி வந்ததும்."

பாக்கியம் அக்காவின் கையில் இருந்த காகிதம் பாதி மடிப்பில் நின்றது. நம்மவர்களுக்கு அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவது வழக்கம், அதை நம்பித்தான் அடுப்பை அணைத்தது. மூன்று நாள் என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. மாடியில் பிள்ளைகள் காலையிலிருந்து பிஸ்கட்டில் ஓடிக்கொண்டிருந்தன. அணைத்த அடுப்பைப் பிணம் இருக்கும்போதே பற்றவைப்பதா? அவர்களால் முடியாது.

அடுப்பு அணைந்த கதை ஆ லானுக்கு அதுவரை தெரியாது. விவரம் கேட்டு அவள் முகம் வெளுத்துவிட்டது. "பிள்ளைங்க சாப்பிடலையா? எங்கப்பாவுக்காகவா? வேண்டாம்ண்ணே. நாளைக்கே எடுத்துடலாம்."

"நீ சும்மா இரு" என்றார் அக்கா, மலாயில். "மகன் மூஞ்சியப் பார்க்காம எப்படி அனுப்புவே?"

"பிள்ளைங்க பட்டினி கிடக்குதே!"

"கிடக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

"நாளைக்குத்தான் எடுப்பேன்."

"எடுத்துடுவியா நீ? நான் படியில படுத்துக்குவேன்."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முடிவு சொல்லும் பொறுப்பு என்னுடையதாம். ஒருத்தி தம்பிக்கான கடைசிப் பார்வையை விட்டுக்கொடுக்கிறாள். இன்னொருத்தி பிள்ளைகளின் வயிற்றை விட்டுக்கொடுக்கிறாள். இதில் யார் பக்கம் தீர்ப்புச் சொல்வது? நான் வழக்கம்போல் வாயைத் திறந்தேன். எல்லோருக்கும் ரொட்டி வாங்கலாம் என்றேன். அடுப்புக்கு விலக்கு அளித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம் என்றேன். அக்கா, "தீர்மானத்த சாமிக்கு அனுப்புவீங்களா?" என்றார். மூடிக்கொண்டேன்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த காக் ரொக்கியா அங்கிருந்தே குரல் கொடுத்தார். காக் என்றால் அக்கா. முதல் மாடி, கோழிக்குப் பொறுப்பு. "என் அடுப்புக்கு என்ன கேடு? எங்களுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லையே. வந்து சமை."

பாக்கியம் அக்கா யோசித்தார். பிறகு அந்த இரண்டு பெண்களும், என் கண்முன்னே, நின்ற இடத்தில் நின்று பேசியது இது:

"உன் அடுப்புல மாடு ஆக்கியிருக்கியா?"

"நேத்துக்கூட ஆக்கினேன். உன் சட்டியில பன்னி பட்டிருக்கா?"

"என் வீட்டுல அது வராது. அடுப்பக் கழுவிக்கலாமா?"

"கழுவிக்க. சோப்பு நான் தரேன்."

"சட்டி என்னுது."

"சரி, அடுப்பு என்னுது. மிளகாய் குறைச்சுப் போடு, சீனவங்களும் சாப்பிடணும் லா."

அவ்வளவுதான். அந்த இரண்டு சொற்களையும் நெருங்கவிடாமல் நான் காத்த காவல் என்ன, வரவழைத்த தேநீர் என்ன! இவர்கள் ஒரு பாத்திரம் கழுவும் நேரத்தில் கேட்டுக்கொண்டார்கள், பதில் சொல்லிக்கொண்டார்கள், ஒருவர் முகமும் சுருங்கவில்லை. இந்த வேலையில் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில் ரகசியம் இதுதான். எந்தக் கேள்வி வந்துவிடுமோ என்று நீங்கள் நடுங்குகிறீர்களோ, அதைக் கேட்டுப் பழகியவர்கள் அங்கே இருப்பார்கள். கொஞ்ச நேரம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

தம்பி வரும்வரை காக் ரொக்கியா வீட்டில் தமிழ்ப் பெண்கள் முறைபோட்டுச் சமைத்தார்கள். "எங்க அடுப்பு எரியலை, அது அவங்க அடுப்பு" என்று சாமிக்கும் விளக்கம் தயாராக இருந்தது. துக்கம் காக்கும்வரை ஆ லான் வீட்டாருக்குச் சைவம்தான். ஆகவே சாம்பாரும் சோறும் அவர்களுக்கும் போயின. மேசைகளில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. என் வேலை காபி கலக்குவது. அதிலும் சர்க்கரை அதிகம் என்றார்கள்.

புதன்கிழமை காலை தம்பிக்காரன் வந்து சேர்ந்தான். காட்டுச் சேறு காய்ந்த காலணியோடு கூடாரத்துக்குள் ஓடிவந்து பெட்டியின் முன் விழுந்தான். முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

பெட்டியை மூடும் நேரம் வந்ததும் சீனர்கள் எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். மூடுவதைப் பார்க்கக்கூடாதாம். படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை நின்றிருந்த தமிழர்களும் மலாய்க்காரர்களும் ஒரு கணம் விழித்தார்கள். ஆ லான் கையால் சாடை காட்டினாள். அந்தப் படிக்கட்டு முழுக்க, குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் உட்பட, சுவர்ப் பக்கம் திரும்பியது. அதைப் பார்த்துக்கொண்டே நான் நின்றிருந்ததில், கடைசியாகத் திரும்பியது நான்தான்.

அவரைக் கொண்டுபோன பிறகு பெண்கள் தாழ்வாரங்களைக் கழுவினார்கள், குளித்தார்கள், அடுப்பில் உலைப்பானையும் வைத்துவிட்டார்கள். பற்றவைக்கவில்லை. பாக்கியம் அக்கா ஈரத் தலையோடு என்னிடம் வந்தார்.

"நம்ம வழக்கத்துல இப்ப பத்த வைக்கலாம். சீன வழக்கத்துல எப்போன்னு தெரியலையே. உங்களுக்குத் தெரியுமா?"

இன நல்லிணக்கத்தில் சான்றிதழ் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. ஆ லான் தகனம் முடிந்து திரும்பும்வரை படியடியில் காத்திருந்து, அவள் வந்ததும் கேட்டேன். அவள் புருவம் சுருங்கியது.

"எங்களுக்கு அடுப்பு பத்தி அப்படி ஒண்ணுமே கிடையாதேண்ணே."

மேலே நிமிர்ந்து பார்த்தாள். மாடிக்கு மாடி, தாழ்வாரத்து விளிம்பில், தமிழ்ப் பெண்கள் ஈரக் கூந்தலோடு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆ லான் கறுப்பு உடையைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். துக்கம் காப்பவள் பிறர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்பதால் ஒவ்வொரு தமிழ் வீட்டு வாசலுக்கும் வெளியே நின்றாள், கதவைத் தட்டினாள், தலை குனிந்து, தலைமுறை தலைமுறையாக வந்த முறையைச் சொல்பவள் போல அதே வார்த்தைகளைச் சொன்னாள்.

"அக்கா, இப்போ பத்த வைக்கலாம்."

நான் கீழேயே நின்றேன். ஒரு கதவு, பிறகு ஒரு தீக்குச்சி உரசும் சத்தம். அடுத்த கதவு, அடுத்த தீக்குச்சி. அவள் மேலே போகப் போக, அவள் பின்னாலேயே அந்தச் சத்தமும் மாடிக்கு மாடி ஏறிப்போனது.